ஒரு மணி நேரப் பயணமும் கஸ்ர் தொழுகையும்

திருச்சியிலிருந்து சென்னை, சாலைவழியே ஏறத்தாழ 330 கிலோமீட்டர். விமானமோ ஒரு மணி நேரத்தில் கொண்டு சேர்த்துவிடுகிறது. 'களைப்பே இல்லாத இப்பயணத்திற்கும் கஸ்ர் உண்டா?' என மாணவர்கள் நம்மிடம் வினவுகின்றனர்.

உண்டு. சட்ட அறிஞர்கள் தொலைவையே அளவாகக் கொண்டனர். இன்றைய கணக்கில் அது ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அச்சம் நீங்கிய பின்னும் கஸ்ர் எதற்கு என உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, அது அல்லாஹ் வழங்கிய தர்மம், ஏற்றுக்கொள்ளுங்கள் என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விடையளித்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அச்சம் நீங்கியும் நிலைத்த சலுகை, களைப்பு நீங்கியதால் அற்றுப்போகாது.

நமது கவலை வேறு. சலுகையை நுணுகி ஆராயும் நாம், அந்த ஒரு மணி நேரத்தில் மஃரிபையே தவறவிடுகிறோம். நம் பகுதியில் அதன் நேரம் ஏறத்தாழ ஒன்றேகால் மணிதான். அதற்குக் கஸ்ரும் இல்லை, மூன்று ரக்அத்தே. சென்னையிலும் பயணியாகவே இருக்கும் ஷாஃபிஈகள், மஃரிப் நேரம் முடியுமுன் நிய்யத் வைத்து இஷாவுடன் சேர்த்துத் தொழலாம். ஹனஃபிகளோ உரிய நேரத்திலேயே தொழ வழிதேட வேண்டும்.

எனவே, பயணச்சீட்டு எடுக்கும்போதே தொழுகை நேரத்தையும் பார்த்துக்கொள்வோம். நம் பயணங்களையும் தொழுகைகளையும் அல்லாஹ் ஏற்றருள்வானாக. ஆமீன்.