நின்று கொன்றது தெய்வமா?

"அரசன் அன்று கொல்லும், தெய்வம் நின்று கொல்லும்" என்பதாக ஒரு பழமொழி நம் நாட்டில் வெகுகாலமாக வழங்கி வருகின்றது. இதைச் சொல்லி அடிபட்டவனைச் சமாதானப்படுத்தி வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அடித்தவனுக்கோ இதனால் காலணா நஷ்டமும் கிடையாது. இது இவ்வளவு காலம் செலாவணியில் இருந்து வருவதற்கு வேறு காரணம் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

சில நாட்களுக்கு முன் தர்மபுரிப் பக்கம் ஒரு டீக்கடையில் வாச்சாத்தி வழக்கைப் பற்றிப் பேச்சு வந்தது. அவ்வழக்கில் தண்டனைகளை 2023ல் சென்னை உயர்நீதிமன்றம் உறுதி செய்த விஷயத்தை ஒரு தோழர் விவரமாய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரிய மனிதர், நெற்றி நிறையச் சந்தனம் துலங்க, "பார்த்தீர்களா, தெய்வம் நின்று கொன்றுவிட்டது" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அவருக்கு அங்கேயே பதில் சொல்ல நமக்கு அவகாசம் கிடைக்கவில்லை. ஆனதினால் இங்கே சொல்லுகிறோம்.

வாச்சாத்தி என்பது தர்மபுரி ஜில்லா அரூர் தாலூகாவில் சித்தேரி மலையின் அடிவாரத்தில் உள்ளதொரு சிறு கிராமம். அங்கு குடியிருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளிகள் என்று சொல்லப்படும் பழங்குடி மக்கள். மலையாளி என்றவுடன் வாசகர்கள் கேரளத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இவர்கள் பேசுவது தமிழ். சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, கொல்லி மலை, பச்சை மலை, ஜவ்வாது மலை, சித்தேரி மலை ஆகிய இடங்களில் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்து வருகிறவர்கள். மலையை ஆளுகிறவர்களாதலால் மலையாளிகள் என்று பெயருக்கு அர்த்தம் சொல்லுவாரும் உண்டு. அர்த்தம் என்னமோ அழகாய்த்தான் இருக்கிறது! மலையை ஆளுகிற இவர்கள் ஒரு கட்டு விறகு ஒடித்தால் காவலாளிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நாலு ஆட்டைக் காட்டுக்குள் ஓட்டினால் அபராதம் கட்டியாக வேண்டும். இப்படிப்பட்ட ஆட்சி வேறெந்தத் தேசத்திலாவது உண்டா என்று கேட்கிறோம்.

இந்த ஆட்சி எப்படி வந்தது? 1882ம் வருஷத்தில் வெள்ளைக்காரன் சென்னை மாகாணத்துக்கு ஒரு வனச்சட்டம் செய்தான். அதன்படி காடு முழுவதிலும் கோடு போட்டு, இது ரிசர்வ் காடு, இதில் இருப்பதெல்லாம் சர்க்காருடையது என்று எழுதிக்கொண்டான். எழுதத் தெரிந்தவனுக்குக் காடு சொந்தமாயிற்று. எழுதத் தெரியாமல் அந்தக் காட்டிலேயே பிறந்து, சாமையும் ராகியும் விதைத்து, அங்கேயே செத்தவனுடைய பிள்ளை அத்துமீறிப் புகுந்தவன் ஆனான். 1947ல் வெள்ளைக்காரன் கப்பலேறினான். ஆனால் அவன் செய்த வனச்சட்டம் கப்பலேறவில்லை. காட்டு மக்களுக்கு அநியாயம் செய்துவிட்டோம் என்று டில்லிச் சட்டசபை ஒப்புக்கொண்டு வன உரிமைச் சட்டம் செய்வதற்கு 2006ம் வருஷம் ஆகிவிட்டது.

நிற்க, இனிச் சந்தனத்துக்கு வருவோம். சந்தன மரம் ஒரு விசித்திரமான மரம். அது தன் வேரைப் பக்கத்து மரத்தின் வேரில் பாய்ச்சி, அதன் சாரத்தில் ஒரு பகுதியை உறிஞ்சி வளருவது. (இதே மாதிரி வளருகிறவர்கள் மனிதரிலும் உண்டு, அது வேறு சங்கதி.) அது வைரம் பாய இருபது முப்பது வருஷம் ஆகும். மைசூர்ச் சீமையில் திப்பு சுல்தான் காலத்திலேயே அதை ராஜ விருட்சம் என்று சொல்லி அரசாங்கச் சொத்தாக்கினார்கள். மலையாளி தன் குடிசைக்குச் சந்தனத்தில் கதவு செய்து போட்டதாக யாரும் சொல்லவில்லை; தன் மார்பில் அரைத்துப் பூசிக்கொண்டதாகவும் கேள்வியில்லை. சாமி சிலைக்கும், சாமி கும்பிடுகிறவர் நெற்றிக்கும், சோப்புக்கும், அத்தருக்கும், பணக்காரன் சிதைக்கும்தான் சந்தனம் வேண்டியிருந்தது. மழை பொய்த்த வருஷத்தில் வயிற்றுக்கில்லாதவனிடம் ஒருவன் வந்து, வெட்டிக் கொடு, கூலி தருகிறேன் என்றான். சிலர் வெட்டினார்கள். வெட்டினவன் பெயர் கடத்தல்காரன். வாங்கினவன் பெயர் வியாபாரி. வாங்கிச் சாமிக்குச் சாத்தினவன் பெயர் பக்தன்.

இப்பொழுது 1992ம் வருஷம் ஜூன் மாதம் 20ந் தேதிக்கு வருவோம். அன்றையதினம் வனத்துறையார் 155 பேர், போலீசார் 108 பேர், ரெவின்யூ உத்தியோகஸ்தர்கள் 6 பேர், ஆக 269 பேர் வாச்சாத்திக்குள் புகுந்தார்கள். பதுக்கிய சந்தனக் கட்டையைத் தேட வந்தோம் என்பது அவர்கள் சொன்ன காரணம். ஆண்களில் பலர் மலைக்கு ஓடிவிட்டார்கள். அகப்பட்டவர்களை அடித்து இழுத்து வந்து ஊர் ஆலமரத்தடியில் கூட்டினார்கள். அவர்களில் 18 பெண்களை, கட்டை புதைத்த இடத்தைக் காட்ட வேண்டுமென்று சொல்லி, ஏரிப்பக்கம் கொண்டுபோய்க் கெடுத்தார்கள். பள்ளிக்கூடம் போகும் வயதுள்ள பெண்ணும் அவர்களில் உண்டு. பிறகு அரூர் வனத்துறை ஆபீசில் இராமுழுதும் அடைத்து வைத்தார்கள். அங்கே ஊர்க் கவுண்டரைத் துடைப்பத்தால் அடிக்கும்படி அவருடைய ஊர்ப் பெண்களையே கட்டாயப்படுத்தினார்கள். கடைசியில் 90 பெண்களையும், 28 குழந்தைகளையும், 15 ஆண்களையும் சிறைக்கு அனுப்பினார்கள். 28 குழந்தைகள் எத்தனை டன் சந்தனக் கட்டை கடத்தியிருக்கும் என்று கணக்குப் போடுவதை வாசகர்களுக்கே விட்டுவிடுகிறோம்.

ஊரில் மிச்சமிருந்ததை என்ன செய்தார்கள்? வீடுகளை இடித்தார்கள். ஆடு கோழிகளை அடித்துத் தின்றார்கள். தானியத்தில் கண்ணாடித் தூளைக் கலந்தார்கள். குடிக்கிற கிணற்றில் ஆடுமாடுகளின் கழிவையும் எண்ணெயையும் கொட்டினார்கள். ஓடிப்போனவர்கள் வாரக்கணக்கில் காட்டிலே பதுங்கிக் கிடந்துவிட்டுத் திரும்பியபோது தங்க இடமுமில்லை, குடிக்கத் தண்ணீருமில்லை.

"கட்டை அகப்பட்டதா இல்லையா? திருடினார்களா இல்லையா?" என்று கேட்கும் கனவான்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அகப்பட்டது என்றே வைத்துக்கொள்ளுவோம். திருடினவனுக்குச் சட்டத்தில் கைது உண்டு, கோர்ட்டு உண்டு, ஜெயில் உண்டு. கிணற்றைக் கெடுப்பதும், பெண்களைக் கெடுப்பதும் எந்தச் சட்டத்தில் எத்தனையாவது பிரிவு? இதே கனவான்கள் வீட்டில் வருமான வரிக்காரர் சோதனைக்கு வந்து, கணக்கில் வராத பணம் அகப்பட்டது என்பதற்காக இதில் நூறில் ஒரு பங்கு செய்திருந்தால் சும்மா இருப்பார்களா?

ஆகவே பழமொழியின் முதற்பாதி வாச்சாத்தியில் சரியாகவே நடந்தது. அரசன் அன்றே கொன்றான். இனி இரண்டாவது பாதியைப் பார்ப்போம்.

தெய்வம் அன்று எங்கே இருந்தது? மலை முழுவதும் கோவில்கள் இருக்கின்றன. ஆலமரத்தடியில் பெண்கள் கூப்பிடாத தெய்வம் இருந்திருக்காது என்பது நிச்சயம். ஒன்றும் வரவில்லை. வந்தவர்கள் மனிதர்கள். ஜூலை மாதத்தில் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தாரும் மார்க்சிஸ்டு கம்யூனிஸ்டுக் கட்சியாரும் கேள்விப்பட்டு அந்த ஊருக்குப் போய்ப் பார்த்தார்கள். அக்கட்சியின் மாநிலச் செயலாளராயிருந்த தோழர் ஏ. நல்லசிவன் கோர்ட்டுக்குப் போனார். அவர்கள் கட்சியோடு நமக்குப் பல விஷயங்களில் அபிப்பிராய பேதமுண்டு. அதற்காக உள்ளதை இல்லையென்று சொல்லுவது யோக்கியமாகாது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் கமிஷனிலிருந்து பாமதி என்ற பெண் அதிகாரி வந்து விசாரித்து, அம்மக்கள் சொல்லுவதில் உண்மை இருக்கிறது என்று அறிக்கை எழுதினார். சர்க்காரோ அப்படி ஒன்றும் நடக்கவேயில்லை என்று சாதித்தது. 1995ல் உயர்நீதிமன்றம் உத்திரவிட்ட பிறகே விசாரணை சி.பி.ஐ. கைக்குப் போயிற்று. 269 பேர் மீதும் குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று.

அப்புறமும் வழக்கு நடந்தது, நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. தர்மபுரி செஷன்ஸ் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது 2011ம் வருஷம் செப்டம்பர் மாதம் 29ந் தேதி. அதாவது 19 வருஷம். அத்தனை பேரும் குற்றவாளிகள் என்று தீர்ந்தது. ஆனால் தண்டனை கேட்க நின்றவர்கள் 215 பேர்தான். மீதி 54 பேர் அதற்குள் செத்துப் போய்விட்டார்கள். 17 பேர் பெண்களைக் கெடுத்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் 12 பேருக்குப் பத்து வருஷம், 5 பேருக்கு ஏழு வருஷம். மேலே அப்பீல். அது தீர்ந்தது 2023ம் வருஷம், அதே செப்டம்பர் 29ந் தேதி. (இந்தத் தேதிப் பொருத்தத்தை இதற்குள் எந்த ஜோசியனாவது பிடித்துக்கொண்டிருப்பான்.) ஆக மொத்தம் 31 வருஷம்.

நமது டீக்கடைப் பெரிய மனிதரை இப்பொழுது கேட்கிறோம். அந்த 54 பேரைத் தெய்வம் எப்பொழுது நின்று கொன்றது? குற்றவாளி என்ற பெயர் ஏறாமலே அவர்கள் போய்ச் சேர்ந்தார்களே! சாவுதான் தண்டனை என்பீரானால், அந்த 18 பெண்களிலும் உயர்நீதிமன்றத் தீர்ப்பைக் கேட்காமலே செத்துப்போனவர்கள் உண்டே. அவர்களுக்கு எந்தக் குற்றத்துக்காக அந்தத் தண்டனை? முன் ஜன்மத்துப் பாவம் என்று சொல்ல வருவீர். அப்படியானால் கெடுத்தவன் தெய்வத்தின் கட்டளையை நிறைவேற்றிய சேவகன் ஆகிறான். அவனை எதற்காக ஜெயிலில் போட வேண்டும்?

உண்மையில் நின்றது யார் தெரியுமா? அந்தப் பெண்கள்தான் நின்றார்கள். தமக்கு நேர்ந்ததை வெளியில் சொன்னால் தமக்கே மானக்கேடு என்று சாஸ்திரமும் சமூகமும் பயமுறுத்தி வைத்திருக்கும் நாட்டில், அன்னிய ஆண்கள் நிறைந்த கோர்ட்டுக் கூண்டில் ஏறி, நடந்ததை நடந்தபடி சொன்னார்கள். அடையாள அணிவகுப்பில் கையை நீட்டி இன்னாரென்று காட்டினார்கள். எதிர்க்கட்சி வக்கீல்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னார்கள். அன்றாடக் கூலியை விட்டுவிட்டு அரூருக்கும் தர்மபுரிக்கும் பஸ் ஏறினார்கள். மானம் போவது கெட்டவனுக்கா, கெடுக்கப்பட்டவளுக்கா என்ற கேள்விக்கு, கல்லூரி மிதிக்காத இவர்கள் சொன்ன பதிலை நம் பட்டதாரிகளில் எத்தனை பேர் சொல்லுவார்கள்? இவர்கள் 31 வருஷம் நின்ற நிலைக்குரிய பெருமையைக் கொண்டுபோய், நிற்காத ஒன்றின் கணக்கில் வரவு வைப்பதைத் திருட்டு என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்லுவது? சந்தனக் கட்டைத் திருட்டைவிட இது பெரிய திருட்டல்லவா?

உயர்நீதிமன்றத்தில் இந்த அப்பீலைக் கேட்ட நீதிபதி பி. வேல்முருகன் தீர்ப்புக்கு முன்னால் வாச்சாத்திக்கு நேரில் போய்ப் பார்த்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பெண்ணுக்கும் பத்து லட்ச ரூபாய் கொடுக்கும்படியும், இறந்தவர்களுக்குரியதை அவர்கள் குடும்பத்தாருக்குக் கொடுக்கும்படியும், அதில் பாதியைக் குற்றம் செய்தவர்களிடமே வசூலிக்கும்படியும் உத்திரவிட்டார். அன்றைய கலெக்டர், போலீஸ் சூப்பரின்டெண்ட், ஜில்லா வன அதிகாரி ஆகியவர்கள் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று சொன்னார். அதாவது, உண்மையான கடத்தல்காரர்களையும் பெரிய புள்ளிகளையும் காப்பாற்றுவதற்காகவே உத்தியோகஸ்தர்கள் இந்த நாடகத்தை ஆடினார்கள் என்ற கருத்தைத் தீர்ப்பிலேயே எழுதினார். அந்தப் பெரிய புள்ளிகளில் ஒருவரும் அந்த 269 பேர் பட்டியலில் இல்லை.

இதெல்லாம் பழைய கதை என்று சொல்லிவிட முடியாது. சந்தனம் குறைந்த பிறகு செம்மரம் வந்தது. மலையில் வேலையில்லை; கோடரி பிடிக்கப் பழகிய கைக்கு ஆந்திரத்துக் காட்டில் கூலி கிடைக்கும் என்று தரகன் வந்து கூப்பிட்டான். 2015ம் வருஷம் ஏப்ரல் மாதம் 7ந் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீசார் 20 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். செத்தவர்கள் அத்தனை பேரும் நம் நாட்டுக்காரர்கள். திருவண்ணாமலை, தர்மபுரி, சேலம் ஜில்லாக்காரர்கள். அவர்களில் சித்தேரி மலைக்காரர்களும் உண்டு. சேஷாசலம் என்பது திருப்பதி வெங்கடாசலபதி குடியிருக்கும் அதே மலைத்தொடர் என்பதை நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. அங்கேயும் தெய்வம் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தது. செம்மரம் கப்பலேறி அன்னிய தேசம் போனது. அதை வாங்கினவன் எவனும் அன்று அந்தக் காட்டில் சுடப்படவில்லை.

டீக்கடைப் பெரிய மனிதரை நாம் மறுபடியும் காண நேர்ந்தால் தெய்வத்தைப் பற்றி அவரோடு வாதாடப் போவதில்லை. அவர் நெற்றியில் இருந்த சந்தனம் எந்த மலையில் வெட்டினது, வெட்டினவனுக்குக் கூலி எவ்வளவு கொடுத்தார்கள் என்று மாத்திரம் கேட்பதாக இருக்கிறோம்.