உதைக்கும் கணக்கு உண்டு

சண்டை வீடியோ கேமுக்குப் புத்தகமா என்று சிரிப்பவர்கள் உண்டு. குத்துவதற்கும் உதைப்பதற்கும் உரைநூல் எதற்கு? பட்டனைத் தட்டினால் போதாதா? போதாது என்பதை, எதிரே ஒரு தேர்ந்த ஆட்டக்காரர் உட்கார்ந்த அரை நிமிடத்தில் எவரும் தெரிந்துகொள்வார்.

இந்தத் தேவையை நம்பித்தான் ஒரு தொழிலே வளர்ந்தது. ஜப்பானில் 1986 முதல் 1999 வரை வெளிவந்த ‘கேமெஸ்ட்’ பத்திரிகை, சண்டை விளையாட்டுகளுக்கென்றே சிறப்பு வெளியீடுகள் போட்டது. அமெரிக்காவில் பிரைமா, பிரேடி கேம்ஸ் என்ற இரு நிறுவனங்கள் கைடுகளை அச்சடித்துக் குவித்தன. 2015ல் இரண்டும் ஒன்றாயின. 2018ல் மூடுவிழா அறிவிப்பு வந்தது. அடுத்த ஆண்டோடு கடை கட்டியாயிற்று. இன்று பழைய பிரதிகள் சேகரிப்பாளர்களிடையே கைமாறுகின்றன. பளபளக்கும் அட்டையை நம்பி வாங்கி ஏமாறுபவர்களும் இருக்கிறார்கள். ஆகவே எது நல்ல கைடு என்ற கேள்வி இன்னும் காலாவதியாகவில்லை.

கேள்வியைச் சரியாகப் புரிந்துகொள்ள 1991க்குப் போக வேண்டும். அந்த ஆண்டுதான் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ விளையாட்டைக் கொண்டுவந்தது. ஆடுவதற்கு எட்டுப் பாத்திரங்கள். ஆறு பட்டன்கள்: மூன்று குத்து, மூன்று உதை. ஜாய்ஸ்டிக்கைக் கீழே இழுத்து, முன்பக்கம் உருட்டி, குத்துப் பட்டனைத் தட்டினால் ரியூவின் கைகளிலிருந்து நெருப்புப் பந்து பாயும். வித்தை தெரிந்தவன் ஜெயித்தான். தெரியாதவன் அடுத்த நாணயத்தை எடுத்தான். இந்திய நகரங்களின் வீடியோ பார்லர்களில் இந்த வித்தைகள் பெரும்பாலும் வாய்வழிப் பாடமாகவே பரவின. ஜப்பானியச் சிறுவனுக்கும் அமெரிக்கச் சிறுவனுக்கும் புத்தகம் இருந்தது.

எல்லாப் புத்தகமும் உதவியதா என்பது வேறு விஷயம். மட்டமான கைடை அடையாளம் காண முதல் பக்கங்களே போதும். வித்தையை எழுதும் முறையைப் பார்த்தால் தெரிந்துவிடும். ‘கீழே, வலப்பக்கம், குத்து’ என்று எழுதியிருந்தால் ஆசிரியர் யோசிக்கவில்லை என்று பொருள். சண்டையில் இருவரும் இடம் மாறுவார்கள். ரியூ இடப்பக்கம் பார்த்து நிற்கும்போது வலப்பக்கம் தள்ளினால் பந்து வராது. ‘முன்பக்கம்’ என்று எழுதுவதே சரி. ஜப்பானிய ஆட்டக்காரர்கள் இதற்கு எளிய வழி கண்டார்கள். கம்ப்யூட்டர் கீபோர்டின் எண் பகுதியை ஜாய்ஸ்டிக்காகக் கற்பனை செய்து, நெருப்புப் பந்துக்கு 236 என்று எழுதினார்கள். பாத்திரம் வலப்பக்கம் பார்த்து நிற்பதாக வைத்துக்கொண்டால், 2 என்றால் கீழே, 6 என்றால் முன்னே. எதிர்ப்பக்கம் திரும்பினால் அப்படியே புரட்டிப் படிக்க வேண்டும். இந்த ஒரு விதியை முன்னுரையிலேயே சொல்லிவிடும் கைடு வாசகனை மதிக்கிற கைடு.

இரண்டாவது சோதனை கொஞ்சம் கடினம். ‘உப்பு தேவையான அளவு’ என்று எழுதும் சமையல் புத்தகம், ஏற்கெனவே சமைக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் பயன்படும். ‘தக்க சமயத்தில் பயன்படுத்துக’ என்று எழுதும் கைடும் அதே ஜாதி. ரியூவின் மேலெழும் குத்தான ஷோர்யூக்கென், குதித்து வரும் எதிரியை வீழ்த்த அருமையான ஆயுதம். ஆனால் தடுக்கப்பட்டாலோ குறி தவறினாலோ, ரியூ தரை இறங்கும்வரை கையாலாகாதவர். எதிரி நிதானமாக அடிக்கலாம். இந்த இரண்டாம் பாதியைச் சொல்லாத கைடு, கத்தியைக் கொடுத்துவிட்டுப் பிடி எது, முனை எது என்று சொல்லாமல் போனது போல.

ஸாங்கீஃப் என்ற ரஷ்ய மல்யுத்த வீரரின் பக்கத்தைப் புரட்டினால் கைடின் தரம் இன்னும் துல்லியமாகத் தெரியும். அவருடைய பெரிய பிடிக்கு ஜாய்ஸ்டிக்கை ஒரு வட்டம் சுழற்றிக் குத்துப் பட்டனைத் தட்ட வேண்டும். சுழற்றும்போது ஜாய்ஸ்டிக் மேல்பக்கம் போகும். மேல்பக்கம் போனால் பாத்திரம் குதித்துவிடும். புதிதாக ஆடுபவர் பத்து முறை முயன்று பத்து முறையும் குதிப்பார். ‘வட்டம், குத்து’ என்று இரண்டே சொல்லில் முடிக்கும் கைடு அவரை அங்கேயே விட்டுவிடுகிறது. ‘குதித்துத் தரை இறங்கும் நேரத்திலேயே சுழற்றத் தொடங்கு, இல்லையேல் ஒரு சிறு குத்தைப் போட்டு அது முடிவதற்குள் சுழற்றிவிடு’ என்று சொல்லும் கைடுதான் காசுக்குத் தகும். அதை எழுதியவர் உண்மையிலேயே ஆடிப் பார்த்தவர்.

மூன்றாவது, எண்கள். சண்டை விளையாட்டுகள் பொதுவாக நொடிக்கு 60 ஃபிரேம் வேகத்தில் ஓடுகின்றன. ஒவ்வொரு அடிக்கும் கிளம்பும் நேரம், தாக்கும் நேரம், மீளும் நேரம் என்று மூன்று கணக்கு உண்டு. ஓர் உதையை எதிரி தடுத்துவிட்டார், உதைத்தவர் நிலைக்குத் திரும்ப எதிரியைவிட ஐந்து ஃபிரேம் தாமதமாகிறது என்று வைத்துக்கொள்ளலாம். எதிரியிடம் நான்கு ஃபிரேமில் கிளம்பும் குத்து இருந்தால் அடி நிச்சயம். அவரிடம் இருப்பது ஆறு ஃபிரேம் குத்து மட்டுமே என்றால் தடுத்துக்கொள்ள முடியும். வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே நொடியில் அறுபதில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான். ‘5’ என்பதற்குப் பதில் ‘3’ என்று அச்சாகிவிட்டால், ஆபத்தான உதையைப் பத்திரமானது என்று நம்பி வாசகன் மாதக்கணக்கில் பழகுவான். போட்டியில்தான் உண்மை தெரியும். கதைப் புத்தகத்தில் அச்சுப்பிழை எரிச்சல் தரும். இங்கே அது பொய்யான பாடம்.

தெரிந்தே அச்சிட்ட பொய்யும் உண்டு. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2ன் ஆங்கிலப் பதிப்பில், ஜெயித்ததும் ரியூ பேசும் வசனத்தில் ‘ஷெங் லாங்’ என்ற பெயர் வந்தது. ஷோர்யூக்கென் என்ற வித்தையின் பெயரில் இருக்கும் ‘எழும் டிராகன்’ எழுத்துகளைச் சீன உச்சரிப்பில் மொழிபெயர்த்ததன் விளைவு. வித்தை ஆளாகிவிட்டது. ‘எலக்ட்ரானிக் கேமிங் மன்த்லி’ பத்திரிகை 1992 ஏப்ரல் இதழில், ரகசிய எதிரி ஷெங் லாங்கை வரவழைக்கும் வழி என்று ஒன்றைப் படத்துடன் வெளியிட்டது. ஒரு அடிகூட வாங்காமல் எல்லா எதிரிகளையும் வீழ்த்தி இறுதி எதிரியை அடைய வேண்டும் என்று நீண்டது அந்த நிபந்தனை. அது ஏப்ரல் முட்டாள் வேடிக்கை. மற்றப் பத்திரிகைகள் அதை உண்மையென்றே எடுத்துப் போட்டன. இல்லாத ஒருவரைத் தேடி எத்தனை நாணயங்கள் இயந்திரத்துக்குள் போயின என்பதற்குக் கணக்கில்லை. ஆடிப் பார்க்காமல் அச்சிடுவதன் விலையைக் கொடுத்தது பத்திரிகைகள் அல்ல, பையன்கள்.

ஆனால் கைடு எழுதுபவருக்கும் நியாயம் வழங்க வேண்டும். விளையாட்டு விற்பனைக்கு வரும் நாளிலேயே கைடும் கடையில் இருக்க வேண்டும் என்பது வியாபார விதி. அதாவது, லட்சக்கணக்கானோர் ஆடிக் கண்டுபிடிக்கப் போவதை, அவர்கள் ஆடுவதற்கு முன்பே எழுத வேண்டும். விளையாட்டை உருவாக்கியவர்களுக்கே எல்லாம் தெரிவதில்லை. இன்று சண்டை விளையாட்டின் உயிராக இருக்கும் தொடர் அடி, அதாவது காம்போ, திட்டமிட்டு வந்ததல்ல. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 தயாரானபோது, காரை உடைக்கும் போனஸ் பகுதியில் அடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைக் கேப்காமின் நோரிடாகா ஃபுனாமிஸு கவனித்தார். பிழை என்று திருத்தாமல் விட்டார். ஆட்டக்காரர்கள் அதைக் கலையாக்கினார்கள்.

பிற்காலத்தில் காலமும் எதிரியாயிற்று. ‘மார்வெல் வெர்சஸ் கேப்காம் 3’ 2011 பிப்ரவரியில் வந்தது. திருத்திய ‘அல்டிமேட்’ பதிப்பு அதே ஆண்டு நவம்பரில் வந்துவிட்டது. முதல் கைடின் ஆயுள் ஒன்பது மாதம். விளையாட்டின் எண்களை இணையம் வழியே ஒரே இரவில் மாற்ற முடிந்தபோது, தாளில் அச்சான அட்டவணை தோற்றது. 2023ல் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ தன் பயிற்சிப் பகுதியிலேயே ஃபிரேம் கணக்கைக் காட்டுகிறது.

அப்படியானால் பழைய கைடுகள் எல்லாம் பழைய பேப்பர்தானா? இல்லை. மதிப்பிடும் அளவுகோல்தான் மாற வேண்டும். அட்டவணை பழசாகலாம், அட்டவணையை வைத்து யோசிக்கும் முறை பழசாவதில்லை. 2004ல் கலிஃபோர்னியாவில் நடந்த ஈவோ போட்டியில், உயிர்க்கோடு கிட்டத்தட்ட தீர்ந்துவிட்ட நிலையில் டைகோ உமேஹாரா, ஜஸ்டின் வோங்கின் சூன்-லீ தொடுத்த 15 உதைகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டு, திருப்பி அடித்து அந்தச் சுற்றை வென்றார். தட்டிவிடுவது எப்படி? அடி விழும் தருணத்தில் ஜாய்ஸ்டிக்கை முன்னால் தட்டு. எந்தக் கைடும் ஒரே வரியில் சொல்லிவிடும். டைகோவின் கையை எந்தக் கைடும் தராது. ஆனால் அந்த 15 உதைகளின் தாளம் என்ன, எங்கே வேகம், எங்கே இடைவெளி என்று சொல்லித்தர ஒரு புத்தகத்தால் முடியும். பயிற்சி எதில் தொடங்க வேண்டும் என்று அது காட்டிவிடும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நிறுவனத்தின் அனுமதி பெற்ற கைடு, ‘இந்தப் பாத்திரம் பலவீனமானது’ என்று சொல்லத் தயங்கும். எல்லோரும் வல்லவர்கள் என்று எழுதிவிட்டுப் போகும். ஜப்பானியப் பத்திரிகைகள் இந்தப் பாத்திரத்துக்கும் அந்தப் பாத்திரத்துக்கும் பத்து ஆட்டம் நடந்தால் ஆறுக்கு நான்கு என்று பட்டியல் போட்டன. அந்த எண்ணோடு சண்டை போடலாம். ஆனால் சண்டை போட ஓர் எண்ணாவது இருக்கிறது.

பழைய கைடு ஒன்று கைக்குக் கிடைத்தால் அட்டையையும் வண்ணப் படங்களையும் விட்டுவிடலாம். நேராக ஸாங்கீஃப் பக்கத்துக்குப் போக வேண்டும். நெருப்புப் பந்து வீசிக்கொண்டே தூரத்தில் நிற்பவரை இந்த மெதுவான மனிதர் எப்படி நெருங்குவது என்று அங்கே எழுதியிருக்கிறதா? எழுதியிருந்தால் வாங்கலாம். பிடியின் பெயரும் ஒரு படமும் மட்டுமே இருந்தால், விற்பவரிடமே பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.