பூக்கணக்கு எழுதுவது வெட்டி வேலையா?

அன்பு மாணவர்களுக்கும் உறவுகளுக்கும்,

நேற்று என் நோட்டுப் பக்கம் ஒன்றைக் குடும்பக் குழுவில் போட்டேன். "வைகாசி 2. கொன்றை பாதி உதிர்ந்தது. குண்டுமல்லி இரண்டு கை. கறிவேப்பிலையில் பூ, தேனீ வருகிறது. வேம்பில் பூ முடிந்து காய்." அவ்வளவுதான். விழுப்புரத்திலிருந்து தம்பி மகன், "ரிட்டயர் ஆனா இப்படித்தான் பெரியப்பா" என்று சிரிக்கிறான். பழைய மாணவன் ஒருவன், "எது எப்போ பூக்கும்னு கூகுள்ல இருக்கே சார்" என்கிறான்.

இருக்கிறதுடா. நாடு முழுமைக்கும் சேர்த்துப் பொத்தாம் பொதுவாக இருக்கிறது. திண்டிவனத்தில் என் வாசல் கொன்றை என்றைக்குப் பூத்தது என்பது நான் எழுதினால்தான் உண்டு.

டி.எம்.வி. நிலக்கடலை என்கிறோமே, அந்த மூன்றெழுத்து நம் திண்டிவனம்தான். இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்து ரகங்கள். விதைத்த எத்தனையாம் நாள் பூ வந்தது என்று குறிக்காமல் ஒரு ரகம் வெளியே வருமா? அங்கே எழுதினால் ஆராய்ச்சி, நான் எழுதினால் பொழுதுபோகாத வேலை!

குறுந்தொகை 66ஆம் பாட்டு நடத்தினேனே, ஞாபகம் இருக்கிறதா? பருவமில்லாத மழையைக் கார்காலம் என்று நம்பிக் கொன்றை ஏமாந்து பூத்துவிட்டது என்று தோழி தலைவியைத் தேற்றுவாள். மரம் தப்பாகப் பூத்தது என்று சொல்ல, சரியான பருவம் எது என்று தெரிந்திருக்க வேண்டும். நமக்குத் தெரியுமா? (இளவேனில் என்றால் சித்திரை, வைகாசி என்று எழுதவைத்து மார்க் போட்டவன் நான். வெளியே அக்னி நட்சத்திரம் கொளுத்தும்.)

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. மயிலத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை. அந்த மழைக்குக் கணக்கு இருக்கிறது. அதற்குப் பிறகு என் வேம்பு முந்திப் பூத்ததா, பிந்திப் பூத்ததா? சொல்ல முடியவில்லை. முப்பது வருஷம் அதன் நிழலில் விடைத்தாள் திருத்தியவன், ஒரு வருஷம்கூடத் தேதி குறிக்கவில்லை. நோட்டு வாங்கியதே புயலுக்குப் பிறகுதான். சிரிப்பதானால் அதற்குச் சிரியுங்கள்.

தம்பி மகனுக்குத் தனியாக ஒன்று. பூ கொட்டிக் குப்பையாகிறது என்று உங்கள் வீட்டுப் புங்கமரத்தை வெட்டிக் கார் நிறுத்த சிமெண்ட் போடப் போகிறாயாம். அதற்கு முன் ஒரே ஒரு வருஷம் அது பூப்பதைத் தேதியோடு எழுது. பிறகு பேசுவோம்.

மற்றவர்கள் ரோஜாப் படத்தோடு காலை வணக்கம் அனுப்ப வேண்டாம். ஊர், தேதி, செடி, மொட்டா பூவா உதிர்ந்ததா, இவ்வளவு போதும். பூக்கவில்லை என்றால் "பூக்கவில்லை" என்றும் எழுதுங்கள்.