சேவலுக்கு ஆங்கிலம் எதற்கு?

அண்மையில் என் பேரனுக்காகத் தமிழ்ப் படப்புத்தகம் ஒன்றை வாங்கினேன். ஆங்கில நூலொன்றின் தமிழாக்கம் அது. அதில் சேவல் 'கொக்-அ-டூடில்-டூ' என்கிறது; பன்றி 'ஒயிங்க்' என்கிறது. எழுத்து மட்டுமே தமிழ்! வாசித்துக் காட்டியபோது இரண்டரை வயதுப் பேரன் என்னைத் திருத்தினான்: "இல்லை அப்பப்பா, கொக்கரக்கோ!"

அவன் சொன்னதே சரி. சேவலின் கூவலைப் பிரெஞ்சுக்காரர் 'கொக்கொரிக்கோ' என்பர். ஜெர்மானியர் 'கிக்கெரிக்கி' என்பர். ஜப்பானியர் 'கொக்கேகொக்கோ' என்பர். ஒவ்வொரு மொழியும் தன் ஒலிகளைக் கொண்டே அதனைப் பதிவுசெய்கிறது. ஆகவே ஒலிக்குறிப்பும் மொழிபெயர்க்கப்பட வேண்டிய சொல்லே. இதனை உணராதவர்கள் குழந்தை நூல்களில் கைவைக்கலாகாது.

யானை பிளிறும், குதிரை கனைக்கும், மயில் அகவும், காகம் கரையும் என்று தனித்தனி வினைகள் கொண்ட மொழி நம்முடையது. அவற்றை மடியிலிருந்து கேட்க வேண்டிய வயதில் மறுத்துவிட்டு, பின்னர் பரீட்சைக்காக மனனஞ் செய்விக்கிறோம். இது என்ன நியாயம்?

பதிப்பாளர்கள் திருந்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பெற்றோரே, அச்சிட்டதை அப்படியே வாசியாதீர்கள். படத்தைக் காட்டி, வெட்கப்படாமல் உங்கள் வாயாலேயே கூவுங்கள், கரையுங்கள். பல்லாண்டுகளாகப் பிறர் பிரதிகளைத் திருத்திய பேனாவால் அப்புத்தகத்தையும் நான் திருத்திவிட்டேன். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள்.