பலகையில் யார் பெயர்?

குடும்பமாகச் சேர்ந்து நடத்தும் சின்னஞ்சிறு வடிவமைப்புக் கூடங்களைப் பற்றி எல்லாரும் உருகி உருகிப் பேசுகிறார்கள். பெரிய கம்பெனிகளில் ஜீவன் இல்லையாம். கணவனும் மனைவியும் ஒரே மேஜையில் உட்கார்ந்து வரைந்தால் அதற்கு ஒரு தனிக் களை வந்துவிடுகிறதாம். எனக்கும் அந்தக் கூடங்கள் பிடிக்கும். ஆனால் இந்த உருக்கத்தைக் கேட்கும்போதெல்லாம் எரிச்சலும் வருகிறது. வாசலில் தொங்கும் பலகையில் யார் பெயர் இருக்கிறது என்று இவர்களில் ஒருவராவது நிமிர்ந்து பார்த்ததுண்டா?

எல்லாரும் உதாரணம் காட்டுகிற கூடத்தையே எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற தம்பதி. 1941-ல் கல்யாணம் செய்துகொண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் வந்தார்கள். குடியிருந்த வாடகை வீட்டின் ஓர் அறையில், ஒட்டுப்பலகையை வளைக்கத் தாங்களே ஒரு யந்திரம் கட்டினார்கள். அதற்குக் காற்றடிக்க சைக்கிள் பம்பு! அங்கே தொடங்கிய சோதனைதான், யுத்த காலத்தில் காலொடிந்த சிப்பாய்களுக்கு அணைகொடுத்துக் கட்டும் வளைந்த பலகையாயிற்று; பிறகு நாற்காலிகளாயிற்று. தொழிற்சாலையில் யோசிப்பவன் ஒருவன், வரைபவன் ஒருவன், தப்பு நேர்ந்தால் பதில் சொல்பவன் இன்னொருவன். இங்கே எல்லாவற்றுக்கும் அதே இரண்டு பேர்தான். பலகை பிளந்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே இருவருக்கும் தெரிந்துவிடும். சின்னக் கூடத்தின் பலம் இதுதான். களையும் இல்லை, மண்ணும் இல்லை.

ரே வெறுமனே கூடமாட ஒத்தாசை செய்தவர் அல்ல. ஹான்ஸ் ஹாஃப்மனிடம் சித்திரம் பயின்றவர். பத்திரிகைக்கு அட்டைப்படம் போட்டவர். ஆனாலும் 1946-ல் நியூயார்க் நவீனக் கலை மியூசியத்தில் அந்த நாற்காலிகளைக் காட்சிக்கு வைத்தபோது, தலைப்பில் இருந்தது சார்லஸ் பெயர் மட்டுமே. 1956-ல் அவர்களுடைய பிரசித்தமான சாய்வு நாற்காலியை டெலிவிஷனில் காட்டினார்கள். நிகழ்ச்சியை நடத்தியவர் (அவரும் ஒரு பெண்தான்) ஜெயித்த ஆணுக்குப் பின்னால் நிற்கிற கெட்டிக்காரப் பெண் என்கிற தோரணையில்தான் ரேயை அறிமுகம் செய்தார்.

குடும்பத்துக்குள் உன்னது என்னது என்று கணக்குப் பார்ப்பார்களா என்பார்கள். பெயர் கிடைத்தவர்கள் பக்கத்திலிருந்தே எப்போதும் வருகிற கேள்வி இது.

இதே தம்பதி நம் தேசத்துக்கு வந்து 1958-ல் சர்க்காருக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். 1961-ல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் எழுந்ததற்கு அதுதான் அஸ்திவாரம். அதில் அவர்கள் மெய்ம்மறந்து சிலாகித்தது நம்முடைய செம்பை. அது தனி ஒருவர் வடித்ததல்ல, தலைமுறை தலைமுறையாகப் பலர் கைபட்டு உருவானது என்றார்கள். பார்த்தீரா, நல்ல பொருளுக்குப் பெயர் எதற்கு என்று ஒரு சாமர்த்தியசாலி கேட்கக்கூடும். ஐயா, செம்பில் யார் பெயரும் இல்லை, அது நியாயம். நாற்காலியில் ஒருவர் பெயர் மட்டும் இருந்ததே, அதுதான் வழக்கு. அறிக்கையிலாவது இருவர் பெயரும் இருந்தன.

1978 ஆகஸ்ட் 21-ல் சார்லஸ் காலமானார். பிறகு ரே பத்து வருஷம், இருவரும் சேர்ந்து செய்தவற்றின் படங்களையும் காகிதங்களையும் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். 1988-ல் அதே ஆகஸ்ட் 21-ல் அவரும் போனார்.

சின்னக் கூடங்களைப் புகழ்ந்து எழுதப் புறப்படும் பத்திரிகைக்கார நண்பர்களே, பேட்டிக்குப் போனால் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகிறாரே ஓர் அம்மாள், அவரிடமும் நாலு கேள்வி கேட்டுவிட்டு வாருங்கள்.