கொடையா? கொள்ளைக்குத் திறந்த வாயிலா?

வீட்டுக் கணினிக்கு இலினக்சு ஏற்றதா, பி.எசு.டி. ஏற்றதா என்று கணினி கற்ற இளைஞரிடையே ஓயாத சொற்போர் நடக்கின்றது. "பி.எசு.டி.யே முழு விடுதலை உடையது, இலினக்சோ கட்டளை விதித்துக் கையைக் கட்டுவது" என்று அவருள் ஒரு சாரார் முழங்குகின்றனர். அம் முழக்கத்தின் உள்ளீடு யாது?

1969இல் அமெரிக்கப் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் தென்னிசு இரிச்சியும் தொடங்கிய யூனிக்சே இரண்டிற்கும் முன்னோடி. அதனைத் திருத்தியும் பெருக்கியும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலிக் கல்வியாளர் 1978 முதல் வெளியிட்டது பி.எசு.டி. இலினக்சின் கருவோ 1991இல் எல்சிங்கி மாணவர் இலினசு தோர்வால்ட்சு புதிதாக எழுதியது. 1983இல் இசுடால்மன் அறிவித்த குனுவின் கருவிகளோடு சேர்ந்து அது முழு இயங்குதளமாயிற்று.

பி.எசு.டி. பிந்தியதற்கு அதன் குறை மட்டும் கரணியம் அன்று. 1992இல் யூனிக்சின் உரிமையாளர் அதன்மேல் வழக்குத் தொடுத்தனர். 1994இல் இணக்கம் ஏற்பட்டபோது, ஏறத்தாழ 18,000 கோப்புகளுள் நீக்க வேண்டியிருந்தவை மூன்றே! அம் மூன்றிற்காக ஈராண்டு ஐயத்தில் கழிந்தது. அதற்குள் இலினக்சு வேர்விட்டுவிட்டது.

பி.எசு.டி.யின் சிறப்பை மறுப்பது நேர்மை ஆகாது. அதன் கருவும் கருவிகளும் ஒரே குழுவினரால் ஒருங்கே யாக்கப்படுகின்றன. ஓர் ஆசிரியன் செய்த நூல்போல் முன்னுக்குப்பின் முரணாது நிற்கும். இலினக்சோ பலர் உரையைத் தொகுத்த ஏடு. தொகுப்பாளர்க்குத் தொகுப்பாளர் வேறுபடும். பாதுகாப்பில் ஓப்பன் பி.எசு.டி.யினர் காட்டும் கண்டிப்பும் பெரிது. தொலைவிலுள்ள கணினியை மறைமொழியால் இயக்கும் ஓப்பன் எசு.எசு.எச்சு. 1999இல் அவர்கள் ஆக்கியதே. இன்று இலினக்சாரும் அதனையே ஆள்கின்றனர்.

ஆயினும் உரிமத்தைப் பாருங்கள்! பெர்க்கிலி உரிமம் சொல்வது: ஆக்கியோன் பெயரை அழிக்காதே, மற்றபடி எடுத்துக்கொள், மாற்றிக்கொள், மூடியும் வைத்துக்கொள். ஆப்பிள் நிறுவனம் எடுத்தது. அடித்தளத்தில் ஒரு பகுதியைத் திறந்து காட்டி, மேல்தளத்தைப் பூட்டி விற்கிறது. சோனி நிறுவனம் எடுத்தது. 2013இல் வெளிவந்த அதன் விளையாட்டுப் பொறியின் உள்ளே இருப்பது பிரீ பி.எசு.டி.யின் வழிவந்ததே. வாங்கியவனுக்கு அதன் மூல ஆணைத்தொடர் கிடைக்குமா? கிடைக்காது. இலினக்சின் குனு உரிமமோ, பெற்றதை மாற்றிப் பிறர்க்கு வழங்குவோன் அம் மாற்றத்தின் மூலத்தையும் உடன் தருக என்கிறது. இதுவா கைக்கட்டு? கொள்ளைக்காரன் கைக்குத்தானே கட்டு!

வரையாது கொடுத்து வாரிக்கொண்டவனிடம் ஏமாந்த வரலாறு தமிழர்க்குப் புதிதன்று. நீரையும் மீனையும் தமிழ்க்குடும்பத்திலிருந்து எடுத்து 'நீர', 'மீன' என ஆக்கிக்கொண்ட வடமொழி, பின்னர் அவற்றைத் தன் முதுசொத்தென்று காட்டித் தமிழையே கடனாளி ஆக்கிற்று. பெர்க்கிலி உரிமம் கொடுத்தவன் பெயரையேனும் காக்கச் சொல்கிறது. வடமொழியாளர் அவ்வளவுகூடச் செய்திலர்.

இனி, வீட்டில் வைத்து ஆள்வதற்கு எது? பிரீ பி.எசு.டி.யை நிறுவினால் முதலில் எழுவது வெறும் எழுத்துத் திரையே. படமுகப்பைத் தனியே சேர்த்தல் வேண்டும். வரைகலை அட்டைக்கும் கம்பியில்லா இணைப்பிற்கும் உரிய இயக்கிகளுள் பலவற்றை இலினக்சிலிருந்து பெயர்த்தே பயன்படுத்துகின்றனர். ஆதலின் புதிய மடிக்கணினி அங்குக் காத்திருக்க நேரும். ஆசிரியரும் மாணவரும் ஆளும் கணினிக்கு இலினக்சே எளிது.

தமிழ் முகப்பு இரண்டிலும் ஒன்றே என்று வாதிடுவர். மெய்தான், கே.டி.ஈ., கினோம் ஆகிய முகப்புகள் ஈரிடத்தும் ஓடும். ஆனால் 2000ஆம் ஆண்டளவில் பல நாடுகளிலிருந்த தமிழ் ஆர்வலர், எந்த முதலாளியின் இசைவிற்கும் காத்திராது கே.டி.ஈ.யைத் தமிழாக்கத் தொடங்கியபோது, 'தமிழ் இலினக்சு' என்பதே அம் முயற்சியின் பெயர். மூலம் மூடப்படாது என்ற உறுதியே அவர்தம் உழைப்பிற்குக் காப்பு.

நடுவணரசின் உயர்கணிப்பு நடுவம் 2007இல் சென்னையிலிருந்து ஓர் இலினக்சுத் தொகுப்பை வெளியிட்டது. தெபியனைத் தழுவிய அதற்கு இட்ட பெயரோ 'பாரத்' இயங்குதளம்! சென்னை மண்ணில் பிறந்ததற்கும் வடமொழிப் பெயர்தானா? எனினும் குனு உரிமம் இங்கும் கைகொடுக்கிறது. எந்தத் தமிழனும் அதன் மூலத்தை எடுத்து, அப்பெயரை அகற்றி, நல்ல தமிழ்ப்பெயர் சூட்டி, தமிழாக்கம் முற்றுவித்து நாளையே வெளியிடலாம். தில்லியில் யாரிடமும் கேட்க வேண்டுவதில்லை.