சிவப்பா இருக்குன்னு வாங்கிடாதீங்க... அமெரிக்கா, கனடாவில் ‘ஃபால் கலர்’ மரம் நடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

அக்டோபர் வந்தாலே நியூஜெர்சி, டொராண்டோ பக்கம் வேலை பார்க்கும் நம்மவர்களின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக மாறிவிடும். வாடகை வீட்டில் இருக்கும் வரை அது ஒரு போட்டோவோடு முடிந்துபோகும். சொந்த வீடு வாங்கிவிட்டால் கதையே வேறு. ‘நம்ம வாசல்லயும் இப்படி ஒண்ணு இருந்தா எப்படி இருக்கும்?’ என்று நர்சரிக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

ஆசையில் தப்பே இல்லை. ஆனால், நிறத்தை மட்டும் பார்த்து வாங்குவதுதான் சிக்கல். அந்த நாடுகளின் காடுகளை இன்று திணறடிக்கும் தாவரங்களில் சில, ஒரு காலத்தில் இதே இலையுதிர் கால அழகுக்காக நர்சரிகளில் விற்கப்பட்டவைதான்.

இலை ஏன் சிவக்கிறது?

பகல் பொழுது குறையக் குறைய, இலையில் உள்ள பச்சையம் சிதையத் தொடங்குகிறது. அதுவரை பச்சைக்குள் மறைந்திருந்த மஞ்சள், ஆரஞ்சு நிறமிகள் அப்போது வெளியே தெரிகின்றன. சிவப்பு மட்டும் அப்படியல்ல. இலையில் தங்கும் சர்க்கரையைக் கொண்டு மரம் அந்த நேரத்தில் புதிதாகத் தயாரிக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமிதான் அது. வெயிலடிக்கும் பகலும், உறையாத அளவுக்குக் குளிர்ந்த இரவும் சேர்ந்தால் சிவப்பு பளிச்சென்று வரும். நிழலான மூலையில் நட்டுவிட்டு ‘கலரே வரலையே’ என்று புலம்பிப் பயனில்லை என்பது இதனால்தான்.

மூன்று ‘அழகான’ தொல்லைகள்

முதலாவது, பிராட்ஃபோர்ட் பேர். சீனாவைச் சேர்ந்த ஒரு பேரி இனத்திலிருந்து தேர்வு செய்யப்பட்ட இந்த ரகத்தை, 1960-களில் அமெரிக்க வேளாண் துறையே அறிமுகம் செய்தது. வசந்தத்தில் வெள்ளைப் பூ, இலையுதிர் காலத்தில் அடர் சிவப்பு. இது தன் ரகத்தோடு சேர்ந்து காய்க்காது என்பதால் பரவாது என்று நம்பினார்கள். பிறகு அதே இனத்தின் வேறு ரகங்களும் தெருவுக்கு வந்தன. அவற்றோடு மகரந்தம் சேர்ந்தது, காய்த்தது, பறவைகள் விதையை ஊரெல்லாம் கொண்டுபோய்ப் போட்டன. போதாததற்கு, கிளைகள் குறுகிய கோணத்தில் நெருக்கமாக வளர்வதால் காற்றிலும் பனிப்பாரத்திலும் மரம் இரண்டாகப் பிளந்துவிடும். ஒஹாயோ மாகாணம் 2023 ஜனவரியிலும், தென் கரோலினா 2024 அக்டோபரிலும் இந்த இனத்தின் விற்பனைக்குத் தடை கொண்டுவந்தன.

இரண்டாவது, பர்னிங் புஷ். பெயருக்கேற்றபடி தீப்பிடித்தது போலச் சிவக்கும் புதர். வடகிழக்கு ஆசியாவிலிருந்து வந்தது. இதன் பழங்களையும் பறவைகள் தின்று காட்டுக்குள் விதைத்துவிடுகின்றன. மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷையர் மாகாணங்களில் இதை விற்கக் கூடாது.

மூன்றாவது, நார்வே மேப்பிள். நோய் தாக்கி எல்ம் மரங்கள் பட்டுப்போன தெருக்களில், மாற்றாக ஏராளமாக நடப்பட்டது. அடர்ந்த நிழலால் கீழே எதையும் முளைக்க விடாது. கனடாவின் 20 டாலர் பாலிமர் நோட்டு 2012-ல் வந்தபோது, அதில் இருப்பது நாட்டு மேப்பிள் இலை அல்ல, நார்வே மேப்பிள் இலை போல இருக்கிறது என்று சர்ச்சையே கிளம்பியது! அடையாளம் காண எளிய வழி உண்டு. இலைக்காம்பைக் கிள்ளினால் பால் வடிந்தால், அது நார்வே மேப்பிள். சுகர் மேப்பிளில் பால் வராது.

‘ஒரு செடிதானே, என்ன ஆயிடப் போகுது?’

இந்தக் கேள்விக்குப் பதில் நம் ஊரிலேயே இருக்கிறது. அழகுக்காகத் தோட்டத்துக்கு வந்த உண்ணிச்செடி, இன்று முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது? சீமைக் கருவேலத்தைப் பற்றித் தமிழர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அந்த அனுபவம் உள்ளவர்கள், இன்னொரு நாட்டில் அதே தவறுக்குத் துணைபோகலாமா?

டெலவேர் பல்கலைக்கழகப் பூச்சியியல் பேராசிரியர் டக்ளஸ் டல்லமி பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இதைத்தான்: சிக்கடி என்ற சின்னஞ்சிறு குருவி ஒரு ஈட்டுக் குஞ்சுகளை வளர்க்க 6,000 முதல் 9,000 கம்பளிப்புழுக்கள் தேவை. வெளிநாட்டு அலங்கார மரங்கள் பலவற்றில் அந்தப் புழுக்கள் வளர்வதில்லை. பார்க்க அழகாக இருந்தாலும், பறவைக்கு அது காலிப் பாத்திரம்.

அப்போ எதை நடலாம்?

நிறத்தைத் தியாகம் செய்யச் சொல்லவில்லை. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்குச் சொந்தமான மரங்களே போதும்.

* ரெட் மேப்பிள்: ஈரமான மண்ணையும் தாங்கும். விதையில் முளைத்த கன்றுகளின் நிறம் மரத்துக்கு மரம் மாறும். ‘அக்டோபர் குளோரி’ போன்ற பெயருள்ள ரகமாகப் பார்த்து வாங்கலாம்.
* சுகர் மேப்பிள்: ஆரஞ்சில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால், பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் இறுகிய மண்ணும் ஆகாது. பின்புறத் தோட்டத்துக்கே சரி.
* பிளாக் கம்: கண்ணைப் பறிக்கும் சிவப்பு. ஆணிவேர் ஆழமாக இறங்குவதால், சிறிய கன்றாகவே வாங்கி நடுவது நல்லது.
* சர்வீஸ்பெர்ரி: சின்ன வாசலுக்கு ஏற்றது. வசந்தத்தில் பூ, கோடையில் தின்னக்கூடிய பழம், இலையுதிர் காலத்தில் ஆரஞ்சு-சிவப்பு.
* ஹைபுஷ் புளூபெர்ரி: பர்னிங் புஷ்ஷுக்குச் சரியான மாற்று. பழமும் கிடைக்கும். அமில மண் வேண்டும், பி.எச். 4.5 முதல் 5.5 வரை.

நட்டால் மட்டும் போதுமா?

கன்றை இலை சிவந்திருக்கும் சமயத்திலேயே போய்ப் பார்த்து வாங்குங்கள். நிறம் கண்ணெதிரே தெரிந்துவிடும். குழி, வேர்ப்பந்தைவிட இரண்டு, மூன்று மடங்கு அகலமாக இருக்கலாம். ஆழம் மட்டும் அதைவிடக் கூடக் கூடாது. அடிமரம் விரிந்து வேராக மாறும் இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். மல்ச் 5 முதல் 8 செ.மீ. போதும். அதை எரிமலை போல அடிமரத்தில் குவிப்பது பட்டையை அழுகவைக்கும்.

முதல் இரண்டு, மூன்று ஆண்டுகள் மழையில்லாத வாரங்களில் ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். கோடைக் கடைசியில் நைட்ரஜன் உரம் வேண்டாம். அது இளந்தளிரைக் கிளப்பிவிட்டுப் பனியில் கருகவைக்கும். மற்ற மரங்கள் பச்சையாக இருக்கும்போது உங்கள் மரம் மட்டும் ஆகஸ்டிலேயே சிவந்தால் சந்தோஷப்படாதீர்கள். பெரும்பாலும் அது வறட்சி அல்லது வேர்ப் பிரச்னையின் அறிகுறி.

அமெரிக்காவில் குழி தோண்டும் முன் 811-க்கு அழைத்தால், நிலத்தடி கேஸ், மின் இணைப்புகளை இலவசமாகக் குறித்துத் தருவார்கள். குடியிருப்புச் சங்கத்தின் அனுமதி தேவையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். டொராண்டோவில் வீட்டுக்கு முன்னே உள்ள மாநகராட்சி நிலத்தில், கேட்டால் மாநகராட்சியே இலவசமாக மரம் நட்டுத் தரும்.

தடை வந்த மாகாணங்களில்கூட, ஏற்கெனவே தோட்டத்தில் நிற்கும் மரத்தை வெட்டச் சொல்லி யாரும் கதவைத் தட்டுவதில்லை. தடை இல்லாத இடங்களில் நர்சரிகள் இன்னும் விற்கத்தான் செய்கின்றன. எனவே, முடிவு வாங்குபவர் கையில்தான். ஒரு மரம் வருஷத்தில் இரண்டு, மூன்று வாரம் சிவப்பாக நிற்கும். மீதி ஐம்பது வாரமும் அது அந்த மண்ணில் என்ன செய்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.